எண்ணுக்கு ஓர் ஏடு

எண்ணையும் எழுத்தையும் இணைத்தே பேசுவது தமிழர் மரபு. கல்வியின் சிறப்பைக் கூறவந்த வள்ளுவப் பெருந்தகை, எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னுமாக வைத்து, இவ்விரண்டையும் மாந்தர்க்குக் கண்களாகக் காட்டினார். நம் முன்னோர் தம் நூல்தொகுதிகளுக்கே பதினெண்மேற்கணக்கு, பதினெண்கீழ்க்கணக்கு என்று பெயரிட்டனர். ஆசிரியரைக் கணக்காயர் என்று அழைத்தனர். நக்கீரனாரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் என்பது தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. எண்ணறிவும் நூலறிவும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இச்சொற்களே சான்று பகரும்.

இன்றோ அவ்விரு கண்களுள் ஒன்றுக்கு மட்டுமே நாம் மை தீட்டுகிறோம். எழுத்துக்குக் கவியரங்கம் உண்டு, பேச்சுப்போட்டி உண்டு, நாடகம் உண்டு. எண்ணுக்கு இருப்பதெல்லாம் தேர்வுத்தாள் ஒன்றே. ஒரு சொல்லைக் கேட்டால் அதன் பொருள், வேர், வழக்கு, அது வரும் பாடல் என்று பத்துச் செய்திகளைக் கூறவல்ல மாணவன், 16 என்ற எண்ணைக் கேட்டால் 'நாநான்கு பதினாறு' என்பதற்குமேல் வாய் திறவான். சொல்லுக்கு அகராதி தந்த நாம் எண்ணுக்கு ஒன்றும் தரவில்லை.

ஆயினும் நம்மிடம் அத்தகைய மரபு இல்லாமற் போகவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஏடு ஒதுக்கி, அவ்வெண்ணைப் பற்றி அறிந்தவற்றையெல்லாம் அதன்கீழ் எழுதிவைத்து, ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டோடு பிணைக்கும் பழக்கத்தின் வரலாற்றை இயன்றவரை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதனை என் குடும்பத்துத் தகரப்பெட்டி ஒன்றிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

தகரப்பெட்டியும் கதவும்

என் பாட்டனார் தஞ்சை மண்ணிலிருந்து மலாயாவுக்கு வந்து, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஊரில் திண்ணைப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றதைத் தவிர வேறு படிப்பு அவருக்கு இல்லை. அவர் கொண்டுவந்த தகரப்பெட்டியில் இரண்டு வேட்டிகளும் ஒரு விபூதிப்பையும் அச்சிட்ட எண்சுவடி ஒன்றும் இருந்தனவாம்.

நாள்தோறும் நிறுவையில் தம் பால் எத்தனை இராத்தல் நின்றது என்பதை லயத்துக் கதவின் பின்புறம் சுண்ணாம்புக் கட்டியால் தமிழ் எண்களில் குறித்துவைப்பது அவர் வழக்கம். மாதக் கடைசியில் கிராணியாரின் புத்தகத்தோடு அதனை ஒப்பிடுவார். ஒரு மாதம் புத்தகக் கணக்கு, கதவுக் கணக்கைவிட முப்பத்திரண்டு இராத்தல் குறைந்து நின்றது. பாட்டனார் பெரட்டுக் களத்தில் நின்று, முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை ஒவ்வொரு நாளின் நிறையையும் மனத்திலிருந்தே ஒப்பித்தாராம். கணக்குத் திருத்தப்பட்டது. இதனை என் தந்தையார் பலமுறை கூறக் கேட்டிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் ஏமாறுவான் என்பது நாம் அறிந்த செய்தி. எண் தெரியாதவன் அவனுக்கு முன்பே ஏமாறுவான் என்பது தோட்டத்து மக்கள் பட்டறிந்த செய்தி.

அந்த எண்சுவடியின் ஓரங்களில் பாட்டனார் தம் கையால் பற்பல குறிப்புகளை எழுதியிருந்தார். பதினாறாம் வாய்பாட்டுக்கு அருகே 'தாயில் பதினாறு, காத்தி ஒன்று' என்றிருந்தது. மூன்றாம் வாய்பாட்டின் ஓரத்தில் 'மூன்று காத்தி நான்கு இராத்தல். மூன்று பிக்கல் நானூறு இராத்தல்' என்றிருந்தது. தஞ்சையில் அச்சேறாத அளவைகளை அவர் பேராக்கில் கற்று, பழைய ஏட்டிலேயே அவற்றுக்கு இடம் கண்டிருந்தார். சீனர் கடையின் தாயிலும் தோட்டத்து இராத்தலும் தமிழ் வாய்பாட்டின் ஓரத்தில் குடியேறிவிட்டன.

1990களில் அத்தோட்டம் விற்கப்பட்டு எங்கள் குடும்பம் வெளியேறியபோது, ஆசிரியர் பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்த நானே அப்பெட்டியைத் துப்புரவு செய்தேன். கரையான் அரித்த அந்தச் சுவடியைப் புரட்டிப் பார்த்தேன். புதிய கணித முறைகளைக் கற்றுத் தேர்ந்தவன் என்ற செருக்கு எனக்கு அப்போது இருந்தது. 'இந்த வாய்பாடெல்லாம் இனி யாருக்கு?' என்று கூறிக் குப்பையோடு குப்பையாக அதனை எரித்துவிட்டேன். நான் எரித்தது வாய்பாட்டை அன்று, பாட்டனார் எண்களோடு நடத்திய ஓர் ஆயுட்கால உரையாடலை என்பது பின்னரே எனக்கு விளங்கியது.

எண்சுவடியின் உலகம்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் கணக்குப் பாடம் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்னும் மூன்றைச் சார்ந்து நடந்தது. பொன்னிலக்கத்தில் எண்களின் வரிசையும், நெல்லிலக்கத்தில் முகத்தலளவையின் வரிசையும், எண்சுவடியில் பெருக்கல் வாய்பாடுகளும் பயிற்றப்பட்டன. மாணவர் மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, மனத்தில் நிறுத்திய பின்னரே ஓலைக்கு வந்தனர். தம் சுவடியைத் தாமே எழுதிக்கொண்டனர். ஆகவே ஒவ்வொரு சுவடியும் ஒருவருடைய சொந்த ஏடாகவே இருந்தது. பயின்றவர் பின்னாளில் ஊர்க் கணக்கராகவோ வணிகராகவோ ஆனபோது, காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அவர்க்குத் துணைநின்றன.

அச்சுவடிகளில் தலைமை பெற்றவை முழு எண்கள் மட்டுமல்ல. கீழ்வாய் இலக்கங்களும் அவற்றுக்கு இணையாக நின்றன. அரை, கால், அரைக்கால் என்பவற்றை இன்றும் நாம் வழங்குகிறோம். அவற்றுக்குக் கீழே மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரியை முந்திரியால் பெருக்கினால் கீழ்முந்திரி; அது 1/102400. அதனை இருபத்தொன்றாகப் பகுத்தால் இம்மி, அது 1/2150400. 'இம்மியும் பிசகாமல்' என்று நாம் பேச்சுவாக்கில் கூறும்போது, இருபத்தொரு இலட்சத்தில் ஒரு பங்குக்கும் நுண்ணிய ஓர் அளவை நாவால் தொட்டுச் செல்கிறோம் என்பதை எத்தனை பேர் அறிவர்?

இப்பெயர்களை நெட்டுருச் செய்தால் அவை சுமையே. ஒன்றோடொன்று பிணைத்துப் பார்த்தாலோ அவை தாமே பேசத் தொடங்கும். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி என்று அச்சொல்லே கூறுகிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். இருபதில் ஒன்று என்பது எண்பதில் நான்கு. அதனோடு எண்பதில் ஒன்றைக் கூட்டினால் எண்பதில் ஐந்து. அது பதினாறில் ஒன்று. சொல்லும் சரி; கணக்கும் சரி. பதினாறாலும் இருபதாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் எண்பது. அதனால்தான் காணி எண்பதில் ஒன்றாக இருக்கும்போது மாவும் மாகாணியும் அதனுள் முழுமையாக அடங்குகின்றன. காணியில் கால் பங்கு முந்திரி. மாகாணியை இருபதாகப் பகுத்தாலும் மாவைப் பதினாறாகப் பகுத்தாலும் அதே முந்திரிதான். பொது மடங்கு என்று இன்று ஒரு முழுப் பாடமாக நடத்தப்படும் கருத்து, ஒரு சொல்லுக்குள் பொதிந்து கிடக்கிறது.

இவ்வுலகம் ஏன் மறைந்தது? அரசுப் பள்ளிகளும் அச்சுப் பாடநூல்களும் வந்தபோது, திண்ணைப் பள்ளி பழமையின் சின்னமாகக் கருதப்பட்டது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்து, ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு விடைபெற்றது. மலேசியாவிலும் 1972ஆம் ஆண்டு நிறுவை அளவைச் சட்டத்திற்குப் பின்னர் இராத்தலும் காத்தியும் படிப்படியாகக் கிலோகிராமுக்கு வழிவிட்டன. வணிகத்துக்கும் அறிவியலுக்கும் அம்மாற்றம் தேவையானதே; அதனைக் குறைகூறுவது என் கருத்தன்று. அளவைகள் போகலாம். அளவைகளோடு சேர்ந்து, எண்ணை எண்ணோடு பிணைத்துப் பார்க்கும் மனப்பழக்கமும் போனதே நாம் அடைந்த இழப்பு.

கும்பகோணத்துக் குறிப்பேடுகள்

அப்பழக்கம் ஒரு தனிமனிதரிடத்தில் எத்துணை உயரத்தை எட்டும் என்பதற்குச் சீனிவாச இராமானுசனே சான்று. 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1903ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் ஒருவர் தொகுத்த கணிதத் திரட்டு நூல் ஒன்றைக் கைக்கொண்டார். ஆயிரக்கணக்கான முடிவுகளை விரிவான நிறுவல்கள் இன்றி வரிசையாக அடுக்கிய நூல் அது. அதனைப் பின்பற்றித் தம் கண்டுபிடிப்புகளையும் குறிப்பேடுகளில் எழுதத் தொடங்கினார். மற்றப் பாடங்களில் தோற்றுக் கல்லூரி உதவித்தொகையை இழந்தபோதும், வேலையின்றி அலைந்தபோதும், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தபோதும், அக்குறிப்பேடுகள் அவரை விட்டு அகலவில்லை.

தாள் விலையுயர்ந்த பொருளாதலால், கணக்கைக் கற்பலகையில் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் ஏட்டில் எழுதினார். முதற் குறிப்பேடு பதினாறு இயல்களையும், இரண்டாவது இருபத்தோர் இயல்களையும் கொண்டவை, மூன்றாவது சிறியது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதி அழித்துவிட்டு ஓலையில் முடிவைப் பொறித்த மரபை இங்கே நாம் காணாதிருக்க இயலாது.

1729 பற்றிய நிகழ்ச்சி உலகறிந்தது. இலண்டன் மாநகரின் பட்னி என்னும் பகுதியில் நோயுற்றிருந்த இராமானுசனைக் காணச் சென்ற பேராசிரியர் ஆர்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். இராமானுசன் உடனே மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்றார். ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனத்தைக் கூட்டினாலும், ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனத்தைக் கூட்டினாலும் 1729 வரும். முழு எண்கள் ஒவ்வொன்றும் இராமானுசனுக்குத் தனிப்பட்ட நண்பர்கள் என்று லிட்டில்வுட் என்னும் கணித அறிஞர் கூறியதும் இதுபற்றியே நினைக்கப்படுகிறது.

இந்நிகழ்ச்சியை நாம் மாணவர்க்குக் கூறும்போது ஒரு தவறு செய்கிறோம். மின்னல் போலத் தோன்றிய தெய்வ அருளாக அதனைக் காட்டிவிடுகிறோம். உண்மை யாதெனில், 1729இன் இப்பண்பு அந்த உரையாடலுக்குச் சில ஆண்டுகள் முன்னரே அவர் குறிப்பேட்டில் இடம்பெற்றிருந்தது. பிற்காலத் தாள்களிலோ அதன் உறவினர்களையும் அவர் தேடிச் சென்றிருக்கிறார். ஒன்பது, பத்து ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் பன்னிரண்டின் கனத்தைவிட ஒன்று மிகும். 135, 138 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 172இன் கனத்தைவிட ஒன்று குறையும். 791, 812 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 1010இன் கனத்தைவிட ஒன்று குறையும். ஓர் எண்ணை அறிந்ததோடு நில்லாமல் அதன் குடும்பத்தையே தேடிக் குறித்துவைத்தவருக்கு வண்டி எண்ணைக் கேட்டதும் விடை வந்ததில் வியப்பென்ன? மருத்துவ விடுதியில் பேசியது அருள் மட்டுமன்று; ஏடும் பேசியது.

1915இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை மற்றொரு பாடம் தருகிறது. தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களை அவர் ஆராய்ந்தார். 12, 24, 60 ஆகியவை அத்தகையன. நாளுக்கு அறுபது நாழிகை என்றும், அறுபது ஆண்டு வட்டம் என்றும், கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்றும் வகுத்த நம் முன்னோர், பகுத்துக் கொடுக்க எளிய எண்களையே கையாண்டனர் என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். இராமானுசன் அவ்வகை எண்கள் 102ஐக் கையாலேயே கணக்கிட்டுப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் 293318625600 என்னும் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. பின்வந்தோர் அதனைக் கண்டு சேர்த்தனர். மேதையின் ஏட்டிலும் ஓரத்தில் எழுத இடம் இருந்தது.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் அகவையில் அவர் மறைந்தார். 1957இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அக்குறிப்பேடுகளை இரண்டு தொகுதிகளாக அவ்வாறே படியெடுத்து வெளியிட்டது. 1976இல் சார்ச் ஆண்ட்ரூசு என்னும் அமெரிக்கப் பேராசிரியர், கேம்பிரிட்சு திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் இராமானுசனின் இறுதிக்காலத் தாள்களைக் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் ஒரு பெட்டியில் உறங்கிக் கிடந்தன. குறிப்பேடுகளின் முடிவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுவிக் காட்டும் பணியில் புரூசு பெர்ன்டு 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளை வெளியிட்டார். ஒருவர் எழுதிய ஏட்டுக்கு உரை எழுதப் பலருடைய வாழ்நாள் தேவைப்பட்டது. அந்தப் பெட்டியும் யாரேனும் ஒரு புதுப் படிப்பாளியின் கையில் சிக்கி எரிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு நடுங்குகிறது.

ஒரு பள்ளி ஆசிரியரின் எண்

'இராமானுசன் மேதை; நாம் சாதாரண பள்ளி ஆசிரியர்கள்' என்று கூறுவோர்க்கு மராட்டிய மண்ணிலிருந்து ஒரு விடை உண்டு. 1905இல் பிறந்த காப்ரேகர், நாசிக் நகருக்கு அருகிலுள்ள தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர். பல்கலைக்கழகப் பதவி அவருக்கு இல்லை. எண்களோடு விளையாடுவதே அவர் ஓய்வுப் பொழுது. பலர் அதனை வீண்வேலை என்று கருதினர்.

1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அவர் 6174 என்னும் எண்ணின் பண்பை எடுத்துரைத்தார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருத்தல் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் ஒருமுறையும் ஏறு வரிசையில் ஒருமுறையும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். விடையை மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். மலாயா விடுதலை பெற்ற 1957ஐ எடுத்துக்கொள்வோம். 9751இலிருந்து 1579ஐக் கழித்தால் 8172. அடுத்து 8721இலிருந்து 1278 போக 7443. அடுத்து 7443இலிருந்து 3447 போக 3996. அடுத்து 9963இலிருந்து 3699 போக 6264. அடுத்து 6642இலிருந்து 2466 போக 4176. அடுத்து 7641இலிருந்து 1467 போக 6174. அதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் 6174ஐ விட்டு அகலாது. எந்த எண்ணில் தொடங்கினும் ஏழு படிகளுக்குள் இவ்விடத்தை அடைந்துவிடலாம். இடையில் மூன்று இலக்கம் வந்தால் முன்னே சுழியம் இட்டுக்கொள்ள வேண்டும்.

இதனை அறிய உயர்கணிதம் வேண்டா. நான்காம் ஆண்டு மாணவனின் கழித்தல் போதும். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் என்னும் எழுத்தாளர் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் காப்ரேகரைப் பற்றி எழுதிய பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1986இல் அவர் மறைந்தார். வகுப்பறையிலிருந்து எழுந்த ஓர் எண் இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது.

துளையட்டையிலிருந்து கணினி ஏட்டுக்கு

தனிமனிதரின் ஏடுகள் இவ்வாறு தனித்தனியே கிடக்க, அவற்றைப் பிணைக்கும் பணி அமெரிக்காவில் தொடங்கியது. 1964இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த நீல் சுலோன், தமக்கு எதிர்ப்பட்ட முழு எண் வரிசைகளையெல்லாம் அட்டைகளில் குறித்துவைத்தார். அவை பின்னர்க் கணினியின் துளையட்டைகளுக்கு மாறின. 1973இல் 2372 வரிசைகள் கொண்ட நூலாயின. 1995இல் சைமன் புளூஃப் என்பவரின் துணையோடு 5487 வரிசைகள் கொண்ட கலைக்களஞ்சியமாயின. 1996இல் இணையத்துக்குச் சென்றன. இன்று அத்தொகுப்பில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு, குறிப்புகள் உண்டு, மற்ற வரிசைகளுக்கு வழிகாட்டும் இணைப்புகள் உண்டு. மிகுதியான வகுத்திகள் கொண்ட இராமானுசனின் எண்களும் அங்கே ஒரு வரிசையாக நிற்கின்றன. அவர் விட்ட எண்ணும் உரிய இடத்தில் நிற்கிறது.

இதற்கிடையே 1995இல் வார்டு கன்னிங்காம் என்பவர் 'விக்கி' என்னும் மென்பொருளைப் படைத்தார். அவாய் மொழியில் 'விரைவு' எனப் பொருள்படும் சொல் அது. ஏடுகள் பல கொண்ட ஒரு சுவடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எந்த ஏட்டையும் எவரும் திருத்தலாம். ஓர் ஏட்டில் உள்ள எச்சொல்லையும் மற்றோர் ஏட்டுக்கு வாயிலாக ஆக்கலாம். இல்லாத ஏட்டுக்கும் முன்கூட்டியே வாயில் அமைத்துப் பின்னர் எழுதலாம். அதுவே விக்கி. 2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவும், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இம்முறையில் அமைந்தவையே. ஊருக்குப் பொதுவான அம்மரத்தின் ஒரு கிளையைத் தன் வீட்டு முற்றத்தில் நட்டுக்கொள்வது போல, ஒருவர் தமக்கென்றே வைத்துக்கொள்ளும் விக்கிகளும் வந்தன. 2004இல் செரமி ரசுட்டன் வெளியிட்ட 'டிட்லிவிக்கி' முழுச் சுவடியையும் ஒரே கோப்பில் அடக்கியது. இணையம் இல்லாத இடத்திலும் அதனைப் பயன்படுத்தலாம். தகரப்பெட்டியில் வைத்துக் கடல் கடந்த எண்சுவடியைப் போல, சட்டைப்பையில் வைத்துக் கொண்டுசெல்லலாம்.

எம் பள்ளியின் ஏடுகள்

கருவி புதியது, பழக்கம் பழையது என்று உணர்ந்தபின், எம் பள்ளியின் பழைய கணினி ஒன்றில் இத்தகைய ஏட்டைத் தொடங்கினோம். எங்கள் மாணவர்களுள் பலர் ஈப்போவைச் சூழ்ந்திருந்த தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறையினர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அதனைப் பற்றிக் கணக்கிலிருந்து ஒன்று, தமிழிலிருந்து ஒன்று, வீட்டிலிருந்து ஒன்று என மூன்று செய்திகளேனும் கொண்டுவர வேண்டும் என்பது விதி.

பதினாறின் ஏடு வளர்ந்த விதத்தைச் சான்றாகக் கூறுவேன். நான்கின் வருக்கம் என்று ஒரு மாணவன் தொடங்கினான். இரண்டை நான்குமுறை பெருக்கினாலும் அதுவே என்று மற்றொருத்தி சேர்த்தாள். இரண்டின் நான்காம் அடுக்கும் நான்கின் இரண்டாம் அடுக்கும் ஒன்றாவது போல, அடியும் அடுக்கும் இடம் மாறியும் ஒரே விடை தரும் இருவேறு முழு எண்கள் இவையன்றி வேறில்லை என்று நான் எழுதினேன். பெறவேண்டிய பேறுகள் பதினாறு என்று ஒரு பாட்டியார் சொல்லியனுப்பினார். சிலம்பின் கோவலனுக்குத் திருமணத்தின்போது அகவை பதினாறு என்று தமிழாசிரியை குறித்தார். கணினி கையாளும் இரும எண்களைச் சுருக்கி எழுதப் பதினாறடிமான எண்கள் பயன்படுகின்றன என்று ஆறாம் ஆண்டு மாணவன் எழுதினான். வீசம், அணா ஆகியவற்றை நான் சேர்த்தேன். பின்னர் என் கையாலேயே 'தாயில் பதினாறு, காத்தி ஒன்று' என்று எழுதினேன். எரிந்த ஏட்டில் ஒரு வரி மீண்டது.

ஆறாம் எண்ணின் ஏட்டில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, ஒன்றும் இரண்டும் மூன்றும் கூட்டினாலும் ஆறு, பெருக்கினாலும் ஆறு என்று கண்டு எழுதியதோடு, 'ஆறு என்றால் வழி, ஆறு என்றால் கிந்தா' என்றும் எழுதியிருந்தாள். எங்கள் நகரின் ஊடே ஓடும் கிந்தா ஆற்றை எண்ணோடு சேர்க்க எனக்குத் தோன்றியிருக்காது.

இம்முயற்சியில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எண்ணைப் பற்றி எழுதச் சொன்னால் பெயர்ப் பொருத்தமும் அதிர்ஷ்ட எண்ணும் ஏட்டுக்குள் நுழைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு குறிப்பின் முன்னும் 'நிறுவியது', 'கண்டது', 'வழக்கு' என்னும் மூன்றுள் ஒன்றை எழுதச் செய்தோம். கண்டதெல்லாம் உண்மையாகிவிடாது. 31, 331, 3331, 33331, 333331, 3333331, 33333331 ஆகிய ஏழும் பகா எண்களே. எட்டாவதும் அவ்வாறே இருக்கும் என்று எவரும் நம்புவர். ஆனால் 333333331 பதினேழால் வகுபடும். பகா எண்களைப் பற்றி இராமானுசன் ஆர்டிக்கு எழுதிய முடிவுகளிலும் பிழைபட்டவை உண்டு. ஐயமும் அறிவின் ஒரு பகுதியே என்பதை எண்ணைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் ஆசான் இல்லை.

முடிவுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் கணிதத்தை எம்மொழியில் கற்பிப்பது என்பது நீண்ட வழக்கு. 2003இல் ஆங்கிலத்துக்கு மாறியதும், 2009இல் அம்முடிவு கைவிடப்பட்டதும், 2016இல் இருமொழித் திட்டம் வந்ததும் நாம் அறிந்தவை. அவ்வழக்கில் நானும் மேடையேறிப் பேசியவன்தான். மொழி பற்றி அத்தனை வாதிட்ட நாம், எண்ணோடு குழந்தைக்கு உறவு உண்டா என்று கேட்க மறந்தோம். மாகாணி என்ற சொல்லுக்குள் ஒரு கணக்கு உறங்குகிறது என்று காட்டாத ஆசிரியர், தமிழில் கற்பித்தால் என்ன, வேற்று மொழியில் கற்பித்தால் என்ன?

ஆசிரியத் தோழர்களுக்கும் நாளை ஆசிரியராகப் போகும் மாணவச் செல்வங்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. கணினி இருப்பின் நன்று. இல்லையெனில் இருபது காசு அப்பியாசப் புத்தகமும் போதும் என்று என் தந்தையார் காலத்தில் கூறுவர். ஒன்று முதல் தொடங்குங்கள்; எண்ணுக்கு ஓர் ஏடு ஒதுக்குங்கள். மாணவன் கொண்டுவரும் செய்தி எத்துணைச் சிறிதாயினும் அதனை எழுத இடம் கொடுங்கள். வீட்டில் பாட்டனோ பாட்டியோ இருந்தால், படி, மரக்கால், காத்தி, இராத்தல் என்று அவர்கள் நினைவில் நிற்பதை இன்றே கேட்டு எழுதுங்கள். தோட்டங்கள் போயின, லயங்கள் போயின, சுண்ணாம்பு எண்கள் எழுதிய கதவும் போயிற்று. நினைவில் நிற்பவர்களும் எந்நாளும் இருக்கமாட்டார்கள்.

எம் பள்ளியின் ஏடுகள் இன்னும் நூறை எட்டவில்லை. முப்பத்திரண்டாம் எண்ணின் ஏட்டை மட்டும் நான் யாருக்கும் வழங்காமல் வைத்திருந்தேன். சென்ற ஆண்டு அதனை நானே எழுதினேன். இரண்டின் ஐந்தாம் அடுக்கு என்பது முதல் வரி. கும்பகோணத்து மேதை வாழ்ந்த ஆண்டுகள் என்பது இரண்டாம் வரி. ஒரு மாதம் ஒரு தொழிலாளியின் கணக்கில் குறைந்து, அவர் எண் அறிந்தவராதலால் மீண்டுவந்த இராத்தல்கள் என்பது மூன்றாம் வரி. அதன்கீழ் எழுத இடம் விட்டிருக்கிறேன்.